இறங்குவது ஆய்வில் இல்லை

ஏணி செய்கிற குடும்பத்துக்கு மாப்பிள்ளையாக வருகிறவருக்கு உயரம் என்றால் பயம் இருக்கக் கூடாது. இருந்தது. சம்பந்தம் பேசும்போது அவர் அதைச் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. படிப்பைக் கேட்டார்கள், குணத்தை விசாரித்தார்கள், புகைப்பழக்கம் உண்டா என்று மூன்றாம் மனிதரை விட்டுத் துப்புப் பார்த்தார்கள். நாற்காலி மேல் ஏறினால் தலை சுற்றுமா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டறையில் முடிந்த எந்த ஏணியாக இருந்தாலும், குடும்பத்து ஆள் ஒருவர் உச்சிப்படி வரை ஏறி, நின்று, உடம்பை ஒருமுறை ஆட்டிப் பார்த்து இறங்கிய பிறகுதான் அதன் காலில் குடும்பப் பேரைச் சூட்டுக்கோலால் பதிப்பார்கள். வேலையாள் ஏறினால் செல்லாது. அடுத்த வீட்டுப் பிள்ளையை ஏற்றிவிட்டு நாம் கீழே நின்று வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை என்று மாமனாரான பெரியவரின் தகப்பனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கர்ப்பிணிகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி காய்ச்சல், கோபம், வயது எதுவும் காரணமாகாது. பெரியவரின் மனைவி இருந்தவரை உச்சிப்படியில் நின்றபடியே கீழே இருப்பவர்களிடம் ராத்திரிக்கு என்ன சமைக்கட்டும் என்று கேட்பார்.

மாப்பிள்ளை தன் முதல் ஏணியில் மூன்றாம் படி வரை போனார். அதற்கு மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை. பெரியவரின் தம்பி, பட்டறையைப் பார்த்துக்கொள்பவர், கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, ஏணியைக் கட்டிப்பிடிக்கச் சொல்லல. ஏறத்தான் சொன்னோம்.”

“ஏறிட்டுத்தான் இருக்கேன், சித்தப்பா.”

“கண்ணைத் திறந்துட்டு ஏறுங்க. உதவியா இருக்கும்.”

அன்றைக்குப் பிறகு மாப்பிள்ளை நிர்வாகத்தில் ஆர்வம் காட்டத் தொடங்கினார். நிர்வாகம் தரைத்தளத்தில் இருந்தது.

அந்தக் குடும்பத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. அது யாரும் சொல்லிவைத்ததல்ல, ரத்தத்தில் வந்தது. வெளியாள் முன்னால் ‘புரியவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். பெரியவரின் சித்தப்பா ஒருவர் டாக்டர் சொன்னதற்கெல்லாம் கம்பீரமாகத் தலையாட்டிவிட்டு வந்து, கண்ணுக்கு விட வேண்டிய சொட்டு மருந்தைக் காதுக்கு விட்டுக்கொண்டார். பார்வை மங்கியதே தவிர மரியாதைக்கு ஒரு குறையும் வரவில்லை. பெரியவரும் அந்த வார்ப்புதான். முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்காருவார். கேள்வி கேட்பது சின்னவர்கள் செய்கிற காரியம் என்று நினைப்பார்.

இந்த இரண்டு பழக்கத்துக்கும் நடுவில்தான், தொழிலுக்கு ஆலோசனை விற்கிற வியூக நிலையம் உள்ளே வந்தது.

மாப்பிள்ளைதான் அழைத்து வந்தார். “மாமா, தொழில் முன்ன மாதிரி இல்ல. எல்லாரும் வியூகம் வெச்சிருக்காங்க. நம்மகிட்ட மட்டும் ஏணிதான் இருக்கு” என்றார். பெரியவருக்கு அது உறைத்தது. எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒன்று தன் வீட்டில் இல்லை என்று வெளியே தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

நிலையத்தார் ஒரே நிறக் கோட்டு அணிந்து வந்தார்கள். முன்னால் முதன்மை வியூகர், பின்னால் துணை வியூகர்கள். முதன்மை வியூகர் கை குலுக்கும்போதே எதிராளியின் தோளுக்கு மேலே எங்கோ தொலைவைப் பார்த்தார். ‘நாளை’ என்ற சொல் இல்லாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. பட்டறைக்காரர்கள் முதல் நாளே அவருக்கு நாளைக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

“நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்று நாளைக்காரர் தொடங்கினார்.

“ஏணி” என்றார் பெரியவர்.

“அது பொருள். நான் தொழிலைக் கேட்கிறேன்.”

பெரியவர் யோசித்தார். “ஏணி செய்யுற தொழில்.”

நாளைக்காரர் தன் துணைகளைத் திரும்பிப் பார்த்தார். நாடி பிடிப்பதற்கு முன்பே நோயாளி தன் நோயைச் சொல்லிவிட்டால் வைத்தியர் முகத்தில் வருகிற மலர்ச்சி அவர் முகத்தில் வந்தது.

“இதுதான் உங்களைத் தேக்கி வைத்திருக்கும் எண்ணம். யாரும் ஏணி வாங்குவதில்லை, ஐயா. மனிதன் உயர்வை வாங்குகிறான். நீங்கள் உயர்வுத் துறையில் இருக்கிறீர்கள்.”

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மெதுவாகக் கையைத் தூக்கினார். “ஏறினவன் இறங்கணுமே, சார். அதுக்கும் இதே ஏணிதானே?”

துணை வியூகர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இறங்குவது எங்கள் ஆய்வில் இல்லை” என்றார் நாளைக்காரர், மன்னிக்கிற குரலில்.

தம்பி அண்ணனைப் பார்த்தார். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கோட்டு போட்ட ஆறேழு பேர் எதிரில் இருக்கிறார்கள். அவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி, மெதுவாக ஒருமுறை தலையசைத்தார். துணை வியூகர்களில் ஒரு பெண் அதை உடனே கணினியில் பதிந்துகொண்டாள். நிலையத்தின் விதிப்படி தலையசைப்பு என்பது தீர்மானம் என்று பிறகுதான் பெரியவருக்குத் தெரிந்தது.

முதலில் ஐந்தாண்டு வியூகம் வந்தது. அதை ஒரு பட்டுத் துணி போட்டு மூடி, விளக்கை அணைத்து, விளக்கைப் போட்டு, துணியை இழுத்துத் திறந்தார்கள். உள்ளே பெரிய அட்டையில் ஒரு அம்புக்குறி இருந்தது. மேல்நோக்கி இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்பைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை வேண்டும் என்றார்கள். மரம் உலர்த்துகிற கொட்டகையைக் காலி செய்து கொடுத்தார்கள். மரம் வெளியே மழையில் கிடந்தது.

மழைக்காலம் முடியும் முன் ஐந்தாண்டு வியூகம் காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தார்கள்.

“ஐந்து வருஷம் ஆகலையே” என்றார் பெரியவர்.

“உங்களுக்கு ஆகவில்லை. உலகத்துக்கு ஆகிவிட்டது” என்றார் நாளைக்காரர். பிறகு எழுந்து நின்று பேசினார். அவர் உட்கார்ந்துகொண்டு பேசுவது குறைவு. “முன்பெல்லாம் வியூகம் என்றால் எங்கே போவது என்று முடிவு செய்வது. அந்தக் காலம் போயிற்று. இன்று வியூகம் என்பது, எங்கே போய்ச் சேர்ந்தாலும் அங்கேதான் போக நினைத்தோம் என்று காட்டுவது. நாளை அதுவும் இராது. நாளைய வியூகம் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். அதற்குப் போக வேண்டிய இடமே தேவைப்படாது. உங்களுக்கு ஒரு உண்மையைச் சொல்கிறேன். எங்கள் வியூகம் எதுவும் இதுவரை தோற்றதே இல்லை. நிறுவனங்கள் தோற்றிருக்கின்றன. அது வேறு.”

கை தட்டினார்கள். பெரியவரும் தட்டினார். ‘அது வேறு’ என்பது எப்படி வேறு என்று கேட்க வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அப்புறம் ஓராண்டு வியூகம், பருவ வியூகம், வார வியூகம். கடைசியில் முற்பகல் வியூகம், பிற்பகல் வியூகம் என்று வந்து நின்றது. காலையில் மணி அடித்து, ‘இன்றைய திசை நெடிது’ என்பார்கள். பட்டறையில் நீளமான கால்களாக அறுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி மணி அடித்து, ‘சந்தை குறுகிவிட்டது, இனி குறிது’ என்பார்கள். ஒருநாள் காலையில் ஒரு காலும் மத்தியானம் மறு காலும் அறுத்த ஏணி ஒன்று, ஒரு பக்கம் முழங்கையளவு உயரமாக வந்து நின்றது.

தம்பி அதை அடுப்பெரிக்கத் தள்ளி வைத்தார். நாளைக்காரர் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். “இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். மாற்றத்தைத் தன் உடம்பிலேயே வாங்கிக்கொண்ட ஏணி” என்றார். அதை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சாய்ந்துவிடாமல் இருக்கக் குட்டைக் காலின் கீழே ஐந்தாண்டு வியூகத்தை மடித்து வைத்தார்கள். ஐந்தாண்டு வியூகம் அந்த வீட்டில் ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் பெரியவரின் மகள் கேட்டாள். “அப்பா, அவங்க சொல்றது உங்களுக்குப் புரியுதா?”

வீட்டு ஆள் கேட்ட கேள்வி. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை பாதி வெளியாள்.

“தொழில் விஷயம். உனக்குச் சொன்னா விளங்காது” என்றார் பெரியவர்.

“எனக்கு விளங்காதுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு விளங்குதான்னுதான் கேட்டேன்.”

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு எதிர்காலக் கருவி வந்தது. வியூகர்கள் யோசித்துச் சொல்வதற்குள் காலம் மாறிவிடுகிறது, இனிமேல் இது சொல்லும், நாங்கள் இது சொன்னதைச் சொல்வோம் என்றார்கள். சின்ன அலமாரி உயரத்தில், முகப்பில் திரையோடு இருந்தது. உலகத்தில் இதுவரை நடந்த வியாபாரம் அத்தனையும் அதற்குப் படித்துக் காட்டப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். தினமும் காலையில் எல்லோரும் அதன் முன் நிற்க வேண்டும். நாளைக்காரர் கேள்வியைச் சொல்வார்: “இந்த நிறுவனம் நாளை என்ன செய்ய வேண்டும்?” அது கொஞ்ச நேரம் உறுமும். பிறகு பதில் வரும். சில நாள் ‘பகிர்ந்த உயரங்களை நோக்கி நகருங்கள்’ என்று வரும். சில நாள் ‘வாடிக்கையாளரை ஏணியாகப் பாருங்கள்’ என்று வரும்.

ஒருநாள் அது வழக்கத்தைவிட அதிக நேரம் உறுமியது. பிறகு திரையில் எழுதியது: ‘நல்ல ஏணி செய்யுங்கள்.’

பின்வரிசையில் நின்ற தம்பி தொண்டையைச் செருமினார். நாளைக்காரர் மறுபடி கேட்டார். மறுபடி அதே பதில். இன்னொரு தரம் கேட்டபோது, ‘மரத்தை மழையில் போடாதீர்கள்’ என்றும் சேர்த்துச் சொன்னது.

“பழுதாகிவிட்டது” என்றார் நாளைக்காரர். உடனே போர்வை போட்டு மூடி, வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அது இல்லாத நாட்களில் வியூகமே இல்லாததால் பட்டறையில் ஏணிகள் ஒழுங்காக முடிந்தன. பெரியவர் தானே நிறைய ஏணி ஏறினார். உச்சிப்படியில் நின்று உடம்பை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கும்போது, இத்தனை நாளாக முதுகில் இருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல இருந்தது. அன்றைக்கே எல்லோரையும் அனுப்பியிருக்கலாம். அனுப்ப ஒரு காரணம் சொல்ல வேண்டும். புரியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் அவரிடம் இல்லை.

கருவி குணமாகித் திரும்பி வந்தது. கேள்வி கேட்டதும் உறுமாமலே பதில் சொன்னது: ‘உங்கள் பேரைப் பொருளிலிருந்து விடுதலை செய்யுங்கள்.’

இதற்கு நாளைக்காரர் விளக்கம் சொன்ன கூட்டம்தான் பெரியவரின் நெஞ்சில் பிறகு முள்ளாகக் கிடந்தது.

“உங்கள் சொத்து மரமல்ல, பட்டறையல்ல. பேர். நான்கு தலைமுறை நம்பிய பேர். அது ஏன் நீங்களே செய்கிற ஏணியோடு கட்டுண்டு கிடக்க வேண்டும்? எங்கெங்கோ யார் யாரோ ஏணி செய்கிறார்கள். அவற்றின் மேல் உங்கள் பேர் பயணம் செய்யட்டும்.”

“யார் ஏறிப் பார்ப்பாங்க?” என்றார் பெரியவர். அதுதான் அந்தக் கூட்டங்களில் அவர் கேட்ட முதல் கேள்வி.

நாளைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். “ஐயா, ஒருவர் ஏறிப் பார்ப்பது நேற்றைய நம்பிக்கை. அது ஏணியைச் சோதிக்கிறது. நாளைய நம்பிக்கை சோதிக்காது, நம்பும். ஆனாலும் உங்கள் மரபை நாங்கள் மதிக்கிறோம். ஆகவே குடும்பத்தார் மனத்தால் ஏறுவார்கள்.”

தம்பி எழுந்தார். “எதால?”

“மனத்தால்.”

“அண்ணா, கேட்டீங்களா? மனசால ஏறணுமாம். விழுந்தா மனசுலதான் அடிபடுமா?”

துணை வியூகர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, நாளைக்காரர் சிரிக்கவில்லை என்று கண்டு அடக்கிக்கொண்டார். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். தம்பி கூட்டத்தில் வைத்துத் தன்னைக் கேட்டது பெரியவருக்குப் பிடிக்கவில்லை. நம் வீட்டு மனத்தாங்கலை வெளியார் முன் விரிக்கலாமா? அந்த எரிச்சல் ஒரு பக்கம், விளங்காத கலக்கம் ஒரு பக்கம். இரண்டையும் மறைக்க ஒரே வழிதான் அவருக்குத் தெரியும். தலையசைத்தார்.

தம்பி நாற்காலியைத் தள்ளி வைத்தார். பிறகு வெளியே போனார். அவர் பட்டறையில் நுழைந்து சூட்டுக்கோலை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிய சத்தம் கூட்ட அறை வரை கேட்டது. மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. எதிர்ப்பட்டால் எப்போதும்போல வணங்கினார், நலம் கேட்டார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

மனத்தால் ஏறுகிற சடங்கு வாரம் ஒருமுறை நடந்தது. குடும்பத்தார் வரிசையாக மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். துணை வியூகர் பெண் மென்மையான குரலில், “இப்போது முதல் படி… இப்போது காற்றை உணருங்கள்…” என்று சொல்லிக்கொண்டே போவாள். மாப்பிள்ளை மற்ற எல்லோரையும்விட உயரத்துக்குப் போனார். அவருக்கு ஒரு பட்டயம் கொடுத்தார்கள். பெரியவர் கண்ணை மூடினால் தண்ணீரில் இரும்பு முங்குகிற சத்தம்தான் கேட்டது. எத்தனையாவது படியில் இருக்கிறீர்கள் என்று கேட்டபோது, “உச்சியில்” என்றார்.

ஏணிகள் லாரியில் வந்து இறங்கின. பேர் முன்பே அச்சடிக்கப்பட்டிருந்தது. சூட்டில் பதிந்த எழுத்தல்ல, ஒட்டுத்தாள். பளபளப்பாக இருந்தது. ஒரு மத்தியானம் பெரியவர் அவற்றின் பக்கத்தில் போய் நின்றார். ஒன்றின் படியைப் பிடித்து அழுத்தினார். படி அவர் கைக்குள் கதவுக் கைப்பிடி போலக் கொஞ்சம் திரும்பியது.

ஏறுவதற்காகச் செருப்பைக் கழற்றினார்.

“ஐயா, அது கிளம்ப வேண்டிய சரக்கு” என்றாள் துணை வியூகர் பெண், பின்னால் வந்து. “இதையெல்லாம் நீங்க போன வாரமே ஏறிட்டீங்க.”

லாரிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படி திரும்புகிறதே, இப்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறார்களா என்று கேட்கலாம். கேட்டால், இத்தனை தலைமுறை ஏணி செய்த வீட்டில் இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்கள். பெரியவர் செருப்பைப் போட்டுக்கொண்டார். லாரி கிளம்பியது.

‘பேரின் பெருவெளி’ என்ற தலைப்பில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் போன் அடித்தது. கேட்டார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

“மாமா, ஒரு பெயின்டர். நம்ம பேர் போட்ட ஏணி. மேல்படி கழண்டு வந்துடுச்சாம். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில இருக்காராம்.”

பெரியவர் எழுந்தார். நாளைக்காரர் உட்காருமாறு கையைக் காட்டினார்.

“பதற்றம் வேண்டாம். முதலில் சொல்லைச் சரிசெய்வோம். விழவில்லை. அவருக்குக் கீழ்நோக்கிய பயன்பாட்டு அனுபவம் ஏற்பட்டிருக்கிறது.”

“இறங்குறது உங்க ஆய்வுல இல்லன்னீங்களே” என்றார் பெரியவர்.

“இல்லைதான். ஆகவே அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. யோசித்துப் பாருங்கள், ஐயா. ஒரு மனிதர் கீழே கிடக்கும்போதும் அவர் உதட்டில் இருப்பது உங்கள் பேர். எந்த விளம்பரம் இதைச் செய்யும்? இதை நாம் வீணாக்கக் கூடாது. நீங்கள் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே என்ன சொல்ல வேண்டும் என்று கருவி எழுதித் தரும்.”

பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தகப்பனார், தகப்பனாருக்குத் தகப்பனார், காதில் கண் மருந்து விட்டுக்கொண்ட சித்தப்பா, யாரும் வெளியாள் முன் சொல்லாத வார்த்தையைச் சொன்னார்.

“எனக்குப் புரியல.”

மேசையிலிருந்து கையை எடுத்தார்.

“நீங்க சொன்னது எதுவும் எனக்குப் புரியல. முதல் நாள்லேர்ந்து புரியல. தலையாட்டினேன். மானம் போயிடும்னு ஆட்டினேன். இப்ப ஒருத்தன் இடுப்பு போச்சு.”

நாளைக்காரர் மெல்ல எழுந்தார். அவர் முகம் பூரித்திருந்தது. பெரியவரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அற்புதம். இதற்காகத்தான் காத்திருந்தோம். அறிந்த தலைவர் நேற்றையவர். அறியாமையை அறிவிக்கும் தலைவர் நாளையவர்.” துணைகள் பக்கம் திரும்பினார். “எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வியூகம்: புரியாமையின் துணிவு.”

துணை வியூகர் பெண் எழுதிக்கொண்டாள். சிலர் கை தட்டினார்கள். பெரியவர் தன் கைகளை விடுவித்துக்கொண்டு வாசற்படி இறங்கினார். மாப்பிள்ளை பின்னாலேயே ஓடி வந்து காரை எடுத்தார்.

வழியில் சிக்னலில் நின்றபோது மாப்பிள்ளை முன்னால் பார்த்தபடியே சொன்னார். “மாமா, நான் விழுந்துடுவேன்னுதான் பயந்தேன். வேற யாராவது விழுவாங்கன்னு நெனச்சுப் பார்க்கல.”

பெரியவர் திட்டவில்லை. திட்டுகிற தகுதி இருந்தால் திட்டியிருப்பார்.

பொது வார்டில் பெயின்டர் மல்லாந்து கிடந்தார். கை விரல்களில் நீல வண்ணம் காய்ந்திருந்தது. மயக்க மருந்தில் தூங்கினார். பக்கத்தில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள். பெரியவர் தான் யார் என்று சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். சத்தம் போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

“விலை குறைவா வேற ஏணி இருந்துச்சு. இவர் வேணாம்னுட்டார். அந்த வீட்டு ஏணின்னா அவங்களே ஏறிப் பார்த்துட்டுத்தான் குடுப்பாங்கன்னார்” என்றாள். பிறகு பெரியவர் முகத்தைப் பார்த்து, “ஏறிப் பார்த்தீங்களா, ஐயா?” என்று கேட்டாள்.

அவள் குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

மாப்பிள்ளையின் போனில் கருவி எழுதிய பதில் வந்து விழுந்த சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அதை எடுத்துப் பார்க்கவில்லை.

“இல்லம்மா” என்றார் பெரியவர். “யாரும் ஏறல. படி ஆடுனது எனக்குத் தெரியும். கைய வெச்சுப் பார்த்தேன். வாயத் திறக்கல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். போர்வையை இழுத்துக் கணவரின் பாதத்தை மூடினாள். “இவர் வேலை பார்த்த வீட்டுக்காரங்க போன் மேல போன் போடுறாங்க. ஏணி வாசல்லயே கெடக்குதாம், வழிய மறிக்குதாம். யாராவது எடுத்துட்டுப் போகணும். எனக்கு இங்கேர்ந்து நகர முடியாது” என்றாள்.

“நான் எடுத்துக்கறேன்.”

அந்த வீடு ஒரு நீண்ட தெருவின் கோடியில் இருந்தது. சுவரில் பாதிவரை நீலம், மேலே பழைய மஞ்சள். ஏணி தரையில் கிடந்தது. மேல்படி இருந்த இடத்தில் இரண்டு துளைகள். ஒட்டுத்தாளுக்கு மட்டும் ஒரு சேதமும் இல்லை. கார் மேலே கட்ட முடியாத நீளமும் இல்லை, கயிறும் இருந்தது. பெரியவர் வேண்டாம் என்றார்.

“மாமா, ரொம்ப தூரம். ஒரு பக்கமாவது நான் பிடிக்கிறேன்.”

“நீங்க காரை எடுத்துட்டுப் போய்ப் பட்டறையைத் திறந்து வைங்க. போற வழில சித்தப்பாவைக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க.”

“வரமாட்டேன்னா?”

“எனக்குப் புரியலன்னு அண்ணன் கூட்டத்துல சொல்லிட்டார்னு சொல்லுங்க. வந்தாலும் வரலாம்.”

ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பேர் உடம்புப் பக்கமாக இருந்தது. இறக்கி, திருப்பி, பேர் தெருவைப் பார்க்கும்படி வைத்துக்கொண்டு நடந்தார். முதுகு வழக்கம்போல நிமிர்ந்துதான் இருந்தது. பாரத்தில் அப்படித்தான் நடக்க முடியும். கடைகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வெயில் நன்றாக இருந்தது, எழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது.

பழக்கடைக்காரர் ஒருவர் தராசை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“நானும் ஒண்ணு வாங்கணும்னு இருக்கேன். இது நல்ல ஏணியா, பெரியவரே?”

பெரியவர் நின்றார். “இல்ல.”

கடைக்காரர் ஒட்டுத்தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். “பேர் போட்ட ஏணியாச்சே. யார் பேரு இது?”

“என் பேரு” என்றார் பெரியவர். தோளை மாற்றிக்கொண்டு, அடுத்த கடையைத் தாண்டி நடந்தார்.